வாடும் இடையும் ஒடியும் இடுப்பும்: திருக்குற்றாலக் குறவஞ்சியில் தளர்ச்சிச் சொற்களின் இடமாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

உழைத்துக் களைத்தல், சுமை மிகுதியால் நலிதல், பயன்பாட்டால் தேய்தல் ஆகிய நிலைகளைச் சுட்டும் சொற்கள் தமிழில் மிகப் பல. திருக்குற்றாலக் குறவஞ்சியின் நாட்டுவளப் பகுதியில் இத்தகைய வினைகள் செறிவாகப் பயில்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றுகூட உழைக்கும் மனிதரின்மேல் ஏற்றப்படவில்லை. அச்சொற்கள் யாரிடமிருந்து விலக்கப்பட்டு எவற்றின்மேல் ஏற்றப்படுகின்றன என்பதையும், விலக்கப்பட்டவை நூலின் பிற்பகுதியில் எவ்வாறு திரும்பி வருகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. முக்கூடற்பள்ளும் தென்காசி வட்டாரப் பேச்சுவழக்கும் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: திருக்குற்றாலக் குறவஞ்சி, முக்கூடற்பள்ளு, நாட்டுவளம், ஒழித்துக்காட்டணி, தளர்ச்சிச் சொற்கள், வட்டார வழக்கு

முன்னுரை

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட மேலகரத்தைச் சேர்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, குறவஞ்சி இலக்கியங்களுள் தலைசிறந்ததாகப் போற்றப்படுகிறது. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலுக்காகக் கவிராயருக்கு வழங்கிய நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர்பெற்றது என்பது நூல்வரலாறு.

இந்நூலைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் செல்கின்றன. ஒன்று சுவைநெறி, குற்றாலத்தில் தம் பிற்காலத்தைக் கழித்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) போன்றோர் வளர்த்த கவிதை நுகர்ச்சி மரபின் தொடர்ச்சி அது. மற்றொன்று செய்திநெறி, நூலில் இடம்பெறும் விலங்கு, பறவை, அணிகலன், உணவு, ஊர்ப்பெயர் முதலியவற்றைத் தொகுத்து அக்காலச் சமூகத்தைக் காட்ட முயல்வது. இவ்விரு நெறியினரும் நாட்டுவளப் பாடல்களை வளத்தின் சித்திரமாகவே கொள்கின்றனர். அப்பாடல்களில் பயிலும் வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்து அடுக்கிப் பார்த்தால் வேறொரு காட்சி புலப்படுகிறது. வாடுதல், வருந்துதல், ஒடுங்குதல், புலம்புதல், ஏங்குதல், சுழலுதல் ஆகிய அனைத்தும் துன்பத்தின் சொற்கள். வளத்தைப் பாடவந்த இடத்தில் இத்தனை துன்பச் சொற்கள் ஏன் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தளர்ச்சிச் சொற்களின் பொருட்களம்

தளர்ச்சியைக் குறிக்கும் சொற்களைப் பழைய இலக்கணமே கூர்ந்து நோக்கியுள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகார உரியியல், ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் ஆகிய நான்கையும் ஒரே நூற்பாவில் தொகுத்து, முன்பு உள்ளதாகிய ஒன்று நுணுகிக் குறைதல் என அவற்றுக்குப் பொருள் கூறுகிறது. இல்லாத ஒன்று குறைய இயலாது. ஆகவே ஓய்ந்தான் என்று ஒருவனைச் சொல்லும்போது, ஓய்வதற்கு முன் அவனிடம் வலிமை இருந்தது என்பதும், அது எதிலோ செலவாயிற்று என்பதும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இன்று ஆராய்ச்சியைச் சுட்டும் ‘ஆய்தல்’ என்னும் சொல்வடிவமும் இந்நால்வகையுள் ஒன்றாக இருப்பது கருதத்தக்கது. அதே உரியியல் அலமரல், தெருமரல் ஆகிய இரண்டிற்கும் சுழற்சி என்று பொருள் தருகிறது. மனக்கலக்கத்தைச் சுற்றுதலாகக் காணும் பார்வை அது.

பிற்கால வழக்கில் இக்களம் மேலும் விரிகிறது. களைப்பும் இளைப்பும் உடலின் செலவைச் சுட்டுகின்றன. சோர்வும் தளர்வும் பிடிப்பு நெகிழ்தலைச் சுட்டுகின்றன. நைதலும் தேய்தலும் நெடுநாள் பயன்பாட்டால் பொருள் மெலிவதைக் குறிப்பன. மனிதருக்கும் அவை ஏற்றிக் கூறப்படும். இறுதலும் ஒடிதலும் சுமை தாங்காமல் முறிவதைக் குறிப்பன. அயர்தல் என்னும் சொல்லோ சோர்வையும் குறிக்கும். விளையாட்டு அயர்தல், வெறியயர்தல் என ஈடுபட்டுச் செய்தலையும் குறிக்கும்.

வருந்துதல் என்னும் சொல்லுக்குத் தனிக் கவனம் தேவை. இன்று அது பெரிதும் மனத்துயரைச் சுட்டுகிறது. பழைய வழக்கில் உடலுழைப்பையும் சுட்டியது. திருக்குறளின் 619ஆம் குறள் மெய்வருத்தத்தைக் கூலியோடு இணைத்துப் பேசுகிறது. உடல் வருந்தினால் அதற்குரிய கூலி உண்டு என்னும் இக்கணக்கு, குறவஞ்சியைப் படிக்கையிலும் நினைவில் இருத்தற்குரியது.

நாட்டுவளத்தில் விலக்கப்படுவோர்

குறத்தி தன் நாட்டுவளத்தைப் பாடும் பகுதியில் ஒவ்வொரு வினைக்கும் ஓர் எழுவாய் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. அந்நாட்டில் ஒடுங்குவது யோகியரின் உள்ளம். வாடுவது மகளிரின் இடை. வருந்துவது கருவுயிர்க்கும் சங்கு. புலம்புவது கிண்கிணிக் கொத்து. ஏங்குவது மங்கலப் பேரிகை. தூங்குவது மாம்பழக் கொத்து. சுழலுவது தயிர் கடையும் மத்து. இவையன்றி ஒடுங்குவோரும் வாடுவோரும் வருந்துவோரும் அங்கு இல்லை என்பது குறிப்பு. ஒன்றை ஓரிடத்து மறுத்து மற்றோரிடத்து நிலைநிறுத்தும் இவ்வுத்தியை வடமொழி அணிநூலார் பரிசங்கியை என்பர். தமிழில் அது ஒழித்துக்காட்டணி எனப்படும்.

இவ்வணி சொல்லின் இருபொருளை நம்பி நிற்கிறது. மாம்பழக் கொத்துத் தூங்குதல் என்பது தொங்குதல். பேரிகை ஏங்குதல் என்பது ஒலித்தல். ஆயினும் சோர்ந்து துயிலுதல், துயருற்று ஏங்குதல் என்னும் பிற பொருள்கள் கேட்பவர் மனத்தில் எழாவிட்டால் பாடலில் அணியே இல்லை. எனவே துன்பப் பொருளை அழிப்பதால் அன்று, அதை எழுப்பிப் பின் விலக்குவதால்தான் பாடல் இன்பம் தருகிறது. வாடுவோர் உண்டு என்பதை அறிந்த ஒருவரிடம் மட்டுமே, வாடுவது இடை ஒன்றே என்று சொல்லிச் சுவையூட்ட முடியும்.

இன்னொன்றும் இங்கு நோக்கத்தக்கது. மத்துச் சுழலுகிறது, அதைச் சுழற்றும் கை பாடலில் இல்லை. அதே பாடலில் நிலத்தில் விதை போடப்படுகிறது, போடுபவர் இல்லை. கரும்பின் இடையே செந்நெல் நெருங்கி நிற்கிறது, நட்டவர் இல்லை. உழைப்பின் விளைவுகள் அனைத்தும் உள்ளன. உழைப்பவர் ஒருவரும் இல்லை. தளர்ச்சிச் சொற்கள் மனிதரைவிட்டு நீங்குவதற்கு முன்பே தளரக்கூடிய மனிதர் பாடலைவிட்டு நீங்கிவிடுகின்றனர். வருந்துதல் என்னும் சொல் மட்டும் முழுதும் வெறுமையாகவில்லை. சங்கின் வருத்தம் மகப்பேற்று வருத்தம். மனித உடலின் மிகக் கடிய உழைப்பொன்றின் சாயல் அதில் எஞ்சியிருக்கிறது.

சிற்றாறு சென்று சேரும் இடம்: முக்கூடற்பள்ளு

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடிச் சீவலப்பேரிப் பகுதியில் தாமிரபரணியோடு கூடுகிறது. அக்கூடல்தான் ஆசிரியர் பெயர் அறியப்படாத முக்கூடற்பள்ளின் களம். குறவஞ்சிக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை முன்பின்னாக வைத்து எண்ணப்படும் இப்பள்ளிலும் இதே அணி ஆளப்படுகிறது. இளையபள்ளியின் சீவலமங்கைத் தென்கரை நாட்டில் கலங்குவது தயிர். மாய்வது நாளும் கிழமையும். மறுகுவது சுழித்தோடும் வெள்ளம். சாய்வது முற்றிய செந்நெல். தேய்வது அரைக்கும் சந்தனம். தொல்காப்பியர் தொகுத்த நான்கனுள் ஒன்றாகிய சாய்தல் இங்கு நெற்கதிருக்கு உரியதாகிவிடுகிறது.

தேய்தல் என்னும் வினைக்கு மட்டும் பேச்சுவழக்கை அருகில் வைத்துப் பார்க்கலாம். குடும்பத்திற்காக உழைத்தவரை ‘மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தவர்’ என்பது தமிழ்நாடெங்கும் வழங்கும் தொடர். பள்ளில் தேய்வது சந்தனம். வழக்கில் தேய்வது ஓடு. சந்தனம் தேயத் தேய மணம் எஞ்சும்; ஓடு தேய்ந்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. ஒரே வினைக்கு எதை உவமையாக அல்லது எழுவாயாகத் தேர்கிறோம் என்பது அவ்வினையால் அழிபவர்பால் நாம் கொள்ளும் நிலைப்பாட்டைக் காட்டிவிடுகிறது.

ஆயினும் பள்ளு தன் நாட்டுவளத்தோடு நின்றுவிடுவதில்லை. அதன் கதைப்போக்கில் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டுகிறான். மூத்தபள்ளி இரந்து அவனை மீட்கிறாள். பின்னர் உழவின்போது மாடு முட்டிப் பள்ளன் வீழ்கிறான். நாட்டுவளத்தில் நெல்லுக்கும் வெள்ளத்திற்கும் தரப்பட்ட சாய்தலும் மறுகுதலும் கதையில் பள்ளனின் உடலுக்கும் பள்ளியின் மனத்திற்கும் வந்துசேர்கின்றன. ஆக, பாட்டு மறுத்ததைக் கதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. குறவஞ்சியில் இத்தகைய தண்டனைக் காட்சியோ விபத்தோ இல்லை. அங்கு விலக்கப்பட்டவை திரும்பும் வழி வேறு.

இடையும் இடுப்பும்

குறவஞ்சியில் சுமையால் நலியும் உடலுறுப்பு ஒன்று உண்டு; அது தலைவி வசந்தவல்லியின் இடை. அவள் பந்தாடும்போது வளைகள் வெற்றி முழக்கமிட, சிலம்புகள் இடைக்கு நேரும் இடரை எண்ணிப் புலம்புகின்றன; இடையோ திண்டாடுகிறது. மார்பின் பாரத்தால் இடை வருந்தும் என்பது நெடிய மரபு. திருக்குறளின் 1115ஆம் குறளில் காம்பு களையாத அனிச்சமலரின் சுமையே நுசுப்பிற்கு மிகையாகிவிடுகிறது. மெல்லிய பீலியே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது 475ஆம் குறளின் கருத்து. இரண்டிலும் பேசப்படுவது மிகைச்சுமையே. அச்சு முறிதல் அரசியல் எச்சரிக்கையாகிறது. இடை முறிதல் அழகின் பாராட்டாகிறது.

பேச்சுவழக்கில் இவ்வுறுப்பு வேறு பெயரோடும் வேறு வினையோடும் வருகிறது. ‘இடுப்பொடிய வேலை’ என்னும் தொடரில் இடுப்பை ஒடிப்பது மார்பின் பாரம் அன்று. குனிந்து நடும் நாற்று, தூக்கிச் சுமக்கும் குடம், நாள் முழுதும் தரையில் அமர்ந்து சுற்றும் பீடி. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரங்களில் பீடிச்சுற்று பெண்களின் வீட்டுத்தொழிலாக நிலைபெற்றது. மடியில் முறத்தை வைத்துக் குனிந்தபடியே செய்யும் வேலை அது. இவ்வட்டாரத்தில் களைப்பிற்கு வழங்கும் ‘சடவு’ என்னும் சொல்லும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ‘ஒரே சடவா இருக்கு’ என்பதில் உடல் ஓய்தலும் மனம் சலித்தலும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன. அசதி, அலுப்பு ஆகியவற்றோடு இச்சொல்லையும் சேர்த்து நோக்கினால், இலக்கியம் மனிதருக்குத் தர மறுத்த சொற்களை வழக்கு இடையறாமல் மனிதருக்கே வைத்துக் காத்துவந்துள்ளமை தெளிவாகும்.

இடை, இடுப்பு ஆகிய இரண்டும் சுட்டுவது ஓருடலின் ஒரே பகுதியை. இடை வாடுவதைக் காண்பவர் ஒருவர், வாடுபவர் மற்றொருவர். இடுப்பு ஒடிவதைச் சொல்பவரோ ஒடிபவரே. நாட்டுவளத்தில் வாடுதல் என்னும் வினை இடைக்குத் தரப்பட்டதன் விளைவு, தளர்ச்சி தன் குரலை இழந்து பிறர் கண்ணுக்குரிய காட்சியாகிவிட்டதாகும்.

குறத்தியின் கூடையும் சிங்கனின் கண்ணும்

இந்நாட்டுவளத்தைப் பாடுபவள் யார் என்பதை மறந்துவிடலாகாது. அவள் மாத்திரைக்கோலும் கூடையும் ஏந்தி மலையிலிருந்து நடந்து வருபவள். தன் மலைவாழ்வைக் கூறுகையில் கிழங்கு கிள்ளுவதையும் தேனெடுப்பதையும் தினை இடிப்பதையும் அவள் பாடுகிறாள். இங்கு உழைப்பு மறைக்கப்படவில்லை. தன்மைப் பன்மையில் பெருமிதத்தோடு சொல்லப்படுகிறது. ஆனால் அதனோடு களைப்புச் சொல் எதுவும் வருவதில்லை. வசந்தவல்லியின் மெலிவுக்கும் மயக்கத்திற்கும் காரணம் கண்டு குறி சொல்வது அவளுடைய தொழில். பிறர் தளர்ச்சிக்குப் பெயர் சூட்டுவதில் வல்லவள், தன் தளர்ச்சிக்குப் பெயர் சொல்வதில்லை.

ஆயினும் பசியை அவள் சொல்கிறாள். குறி சொல்வதற்கு முன் வயிற்றுக்குச் சோறு கேட்கிறாள். சோறு இல்லையேல் கூழானாலும் கொண்டுவரச் சொல்கிறாள். பெரிய குடுக்கை நிறையக் குடிப்பேன் என்கிறாள். வெற்றிலை பாக்கும் வேண்டுகிறாள். இப்பகுதி குறவஞ்சி மரபின் நகைச்சுவையாகவே பெரும்பாலும் கடந்துசெல்லப்படுகிறது. சற்றுமுன் தன் நாட்டில் வாடுவது இடை மட்டுமே என்று பாடிய வாயே கூழ் கேட்கிறது என்பதைச் சேர்த்துப் படித்தால் சிரிப்பு மட்டும் எஞ்சுவதில்லை.

சிங்கன் அவளைத் தேடிக் கண்டபின் நிகழும் உரையாடல் இவ்வாய்வுக்கு இன்னும் இன்றியமையாதது. அவள் காலில் விரியன் பாம்பு கடித்துக் கிடப்பதாக அவன் காண்கிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் சிங்கி. நாங்கூழ்ப் புழுவாக அவன் காண்பது பாண்டியன் மகள் தந்த பாடகம். செத்த தவளையாகக் காண்பது குற்றாலர் சன்னிதிப் பெண்கள் அணிவித்த கெச்சம். மார்பின்மேல் கொப்புளமாகத் தெரிவது காயலார் தந்த முத்தாரம். அணிகலன் அறியாத மலைவாழ்நன் ஒருவனின் பேதைமையாகவும், மனைவிமேல் கொண்ட ஐயமாகவும் இது விளக்கப்படுவது இயல்பு. அவ்விளக்கம் பொருந்துவதே. அதனோடு மற்றொன்றும் சேர்கிறது. பாம்புக்கடி, புழு, கொப்புளம் ஆகியவை நெடுவழி நடந்த ஓர் உடலில் எதிர்பார்க்கத்தக்கவை. நாடுநாடாக அலைந்து வந்தவளின் உடலில் சிங்கன் முதலில் காண்பது ஊறுகளை. சிங்கி ஒவ்வோர் ஊற்றையும் ஒரு கூலியாக மாற்றி விடைசொல்கிறாள். மெய்வருத்தத்தையும் கூலியையும் இணைத்த குறளின் கணக்கு இங்கு வினாவும் விடையுமாகப் பிரிந்து நிற்கிறது. வருத்தம் சிங்கனின் பிழைக்காட்சியில் உள்ளது. கூலி சிங்கியின் விடையில் உள்ளது. நாட்டுவளம் விலக்கிய உடல்துன்பம் நூலுக்குள் மீண்டும் நுழைய வேடிக்கை என்னும் வாயிலே திறந்திருக்கிறது.

ஒரு மறுப்பும் விடையும்

நாட்டில் துன்பமில்லை என்று பாடுவது காப்பிய மரபு. கம்பரின் நாட்டுப்படலத்திலும் இன்மைகளை அடுக்கும் பாடல் உண்டு. ஆகவே ஒரு மரபுத்தொடரில் உழைப்பின் மறைப்பைத் தேடுதல் மிகையாகாதா என வினவலாம். மரபு என்பது இவ்வணி இந்நூலில் இடம்பெற்றதற்குக் காரணம் கூறும். அது யார் வாயில் வைக்கப்பட்டது என்பதற்குக் காரணம் கூறாது. காப்பியத்தில் நாட்டைப் பாடுபவர் புலவர். பள்ளிலும் குறவஞ்சியிலும் அதே அணியைப் பாடுவோர் வயலில் இறங்கும் பள்ளியும் வழிநடக்கும் குறத்தியும். பேசுபவர் மாறியதும் அணியின் பொருளும் மாறுகிறது. வாடுவோர் இல்லை என்று புலவர் கூறின் அது புகழ்ச்சி. வாடத்தக்கவளே கூறின் அப்புகழ்ச்சிக்கு அவள் தரும் விலையும் உடன் கேட்கிறது. சிற்றிலக்கியங்கள் எளிய மக்களை இலக்கியத்திற்குள் கொண்டுவந்தன என்பது உண்மை. எத்தகைய சொற்களோடு கொண்டுவந்தன என்பதும் அதனோடு கேட்கப்பட வேண்டியதாகும்.

முடிவுரை

திருக்குற்றாலக் குறவஞ்சியின் நாட்டுவளம் தளர்ச்சிச் சொற்களை அறியாததன்று. அவற்றை நன்கறிந்து, உழைக்கும் மனிதரிடமிருந்து பெயர்த்து, இடைக்கும் சங்குக்கும் மத்துக்கும் பேரிகைக்கும் வழங்கியது. பெயர்க்கப்பட்ட சொற்கள் முக்கூடற்பள்ளில் தண்டனையாகவும் விபத்தாகவும் திரும்புகின்றன. குறவஞ்சியில் பசியாகவும் பிழைக்காட்சியாகவும் திரும்புகின்றன. ஆதலின் நாட்டுவளப் பாடல்களைச் சான்றாகக் கொண்டு 18ஆம் நூற்றாண்டுக் குற்றாலச் சூழலின் செழிப்பை நேரடியாக நிறுவுதல் பொருந்தாது. அப்பாடல்களைக் கூழ் கேட்கும் பகுதியோடும் சிங்கன் சிங்கி உரையாடலோடும் இணைத்தே வகுப்பறையில் பயிற்றுதல் வேண்டும்.

சொல்லாய்வு நிலையிலும் ஒரு பணி எஞ்சியுள்ளது. சடவு, அசதி, அலுப்பு, இடுப்பொடிதல், ஓடாய்த் தேய்தல் போன்றவை எந்தத் தொழில் செய்வோரால், நாளின் எப்பொழுதில், யாரிடம் சொல்லப்படுகின்றன என்னும் குறிப்போடு தென்காசி வட்டாரத்தில் தொகுக்கப்பட வேண்டும். அகராதி அவற்றிற்கெல்லாம் ‘சோர்வு’ என ஒரே பொருள் எழுதிவிடக்கூடும். வயலில் குனிந்தவளின் சடவும் முறத்தை மடியில் வைத்துக் குனிந்தவளின் சடவும் ஒன்றல்ல என்பது அவற்றைச் சொல்பவர்க்குத் தெரியும்.